பேட்டரி மாற்றிய தேதி

ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானில் ஊரே அடங்கிக் கிடக்கும். ஆபீஸ் இல்லை, பாதிக் கடை பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் நான் கவாசாகியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டின் தரையில் ஒரு பருத்திப் போர்வையை விரித்து (கம்பளி, நைலான் ஆகாது, ஸ்டாட்டிக் வரும்), அலமாரியிலிருந்து பதினொரு அட்டைப்பெட்டிகளை இறக்கி, மல்டிமீட்டர், டார்ச், பென்சில் அழிக்கும் ரப்பர் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். "ஆயுத பூஜையை மூணு மாசம் லேட்டா பண்றீங்க" என்பாள் மனைவி. ஏழு வருஷமாக இதே டயலாக், ஏழு வருஷமாக நானும் சிரிக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை ஆர்கேட் போர்டுகள். காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவோமே, அந்தப் பெரிய வீடியோ கேம் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு. ஜப்பானில் 'கிபான்' என்றால் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் புரியும். வீட்டில் வைத்து ஆடும் கேம் பெட்டி மாதிரி ஒரு மெஷின், பல கேசட் என்பதெல்லாம் இதில் பெரும்பாலும் கிடையாது. ஒரு விளையாட்டுக்கு ஒரு போர்டு, அதிலிருக்கும் ஐசி என்கிற அத்தனை சிப்புகளுக்கும் அந்த ஒரே விளையாட்டு மட்டும்தான் தெரியும். 1972-ல் வந்த 'பாங்' என்ற விளையாட்டில் பிராசஸரே இல்லை, பந்தையும் மட்டையையும் வரைந்தது வெறும் லாஜிக் ஐசிகள். 1978-ல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தபோது உள்ளே இன்டெல் 8080 இருந்தது, அது பாவம், 55 வேற்றுக்கிரகவாசிகளை நகர்த்தவே திணறியது. நாம் சுடச்சுட எண்ணிக்கை குறையும், பிராசஸருக்கு வேலை குறையும், மிச்சமிருப்பவை ஓட்டம் பிடிக்கும். அதை வடிவமைத்த டொமோஹிரோ நிஷிகாடோ அந்த வேகத்தைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். மெஷினின் இயலாமையே விளையாட்டின் உயிராகிப் போனது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

முக்கியமான காரணம் முஸ்தபா.

தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுற்றிய யாருக்கும் முஸ்தபா கேம் என்றால் விளக்கம் தேவைப்படாது. அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993-ல் வெளியிட்டது, ஒரு அமெரிக்க காமிக்ஸை ஒட்டி எடுத்தது. அதில் நாலு பேர் இருந்தாலும் ஓடிவந்து எட்டி உதைக்கும் முஸ்தபாவைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், கடைசியில் விளையாட்டின் பெயரே அவன் பெயராகிவிட்டது. எங்கள் ஊர்க் கடையில் இருந்தது கண்டிப்பாக நகல் போர்டாகத்தான் இருந்திருக்கும், அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஜப்பான் வந்த முதல் வருஷமே ஏலத் தளங்களில் இந்தப் போர்டைத் தேடினேன். மாசக்கணக்கில் ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே அதன் பெயர் 'கியாடிராக்ஸு: கியோர்யூ ஷின்செய்கி', அதாவது டைனோசர்களின் புது யுகம். பெயரைச் சரியாகப் போட்ட அன்றைக்கே மூன்று போர்டு வரிசையாக வந்து நின்றன. ஒரு மாச வாடகையில் பாதி போனது. அதை வீட்டில் சொன்ன விதம் தனிக் கதை, இங்கே வேண்டாம்.

போர்டு வாங்கினால் மட்டும் ஆட முடியாது, அதற்குக் கரண்ட் வேண்டும், திரை வேண்டும், ஜாய்ஸ்டிக் வேண்டும். இதில் நமக்குப் பெரிய புண்ணியம் செய்தது ஜாமா. ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர்களின் சங்கம் அது. 1985-க்கு முன்னால் ஆளுக்கொரு வயரிங், விளையாட்டு மாற்ற வேண்டுமென்றால் மெஷினின் குடலையே உருவ வேண்டும். ஜாமா சொன்ன ஒழுங்கு எளிமையானது: போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள், எந்த இடத்தில் 5 வோல்ட், எந்த இடத்தில் 12, எது சிவப்பு, எது பச்சை, எது முதல் ஆளின் பட்டன் என்று எல்லாம் ஒரே மாதிரி. கடைக்காரர் மெஷினை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றிக்கொண்டார். அதே தயவில்தான் இன்றைக்கு என்னை மாதிரி ஆட்கள் ஆளுயர மெஷின் வாங்காமல், சூப்பர்கன் என்கிற ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு எந்தப் போர்டையும் டிவியில் ஓட்டுகிறோம். எந்த டிவியிலும் என்று சொல்ல முடியாது. இவை 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், பழைய குண்டு டிவி இருந்தால் ராஜ மரியாதை. புதிய டிவிக்கு நடுவில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும்.

போர்டு வாங்குவதில் எனக்குப் பிடித்தது 'ஜங்க்கு' பிரிவு. ஜப்பானிய ஏலத்தில் 'ஓடுகிறதா என்று பார்க்கவில்லை, புகார் கூடாது, திருப்பித் தரக் கூடாது' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். நம்மூர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் "எடுத்துட்டுப் போங்க சார், நல்ல பீஸு" என்பதற்கு நேர் எதிர். பார்க்கவில்லை என்றால் பெரும்பாலும் பார்த்துவிட்டு ஓடவில்லை என்றுதான் அர்த்தம், ஆனால் அந்தப் பொய்யில்கூட ஒரு மரியாதை இருக்கிறது.

அப்படி வரும் பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது சிகரெட் வாடை. 2020 ஏப்ரலில் சட்டம் இறுகும் வரை இங்கே கேம் சென்டர்களில் புகை சர்வசாதாரணம். இருபது முப்பது வருஷப் புகை, போர்டின்மேல் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, விரலில் ஒட்டும் படலமாக உட்கார்ந்திருக்கும். நான் பேட்டரி இல்லாத போர்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, குளியலறையில், பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவியே விடுகிறேன். கேட்பவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். கரண்ட் இல்லாதபோது தண்ணீர் எதிரி இல்லை, உள்ளே தங்கிவிட்ட தண்ணீர்தான் எதிரி. கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசி, நாலைந்து நாள் காற்றாட நிற்க வைத்தால் போதும். ஜூன் மாசத்து மழைக்காலத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம், துணியே காயாது. ஓரத்துத் தொடுமுனைகளுக்குப் பென்சில் ரப்பர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செத்துவிட்டது என்று விற்ற போர்டு இந்த ரப்பர் தேய்ப்பிலேயே எழுந்து உட்கார்ந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

சரி, என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இரவு ஒரு மணிக்கு, மேலிருந்து கீழே ஓடும் ஒரு விமானச் சண்டை போர்டை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். ஜாமா கனெக்டரில் ஏழாவது இடம் காலி. அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு நிற்கும், போர்டில் அதற்கு நேராக ஒரு வெட்டு இருக்கும், அதனால் தலைகீழாகச் செருக முடியாது. என் கனெக்டரில் அந்தத் துண்டு எப்போதோ விழுந்துவிட்டது. பசை வைத்து ஒட்டணும், ஒட்டணும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். செருகினேன், ஸ்விட்சைப் போட்டேன். திரை கருப்பு. இரண்டு விநாடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கனெக்டரில் சிவப்பு வயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணில் பட்டதும் அடிவயிறு சில்லென்றது.

தலைகீழாகச் செருகினால் என்ன ஆகும் என்று அப்புறம் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். 1, 2, 27, 28 நாலுமே எர்த். ஆகவே எர்த் எர்த்தோடுதான் சேர்ந்திருக்கிறது, இதை யோசித்து வைத்த மகானுக்கு என் வணக்கம். 3, 4-ல் வர வேண்டிய 5 வோல்ட் 26, 25-க்குப் போயிருக்கிறது, அந்தப் போர்டில் அவை காலி. அதனால் பிராசஸருக்கோ மெமரிக்கோ நேராகக் கரண்டே போகவில்லை, பிழைத்தன. ஆனால் 6-ல் இருக்கும் 12 வோல்ட் நேரே 23-ல் இறங்கியிருக்கிறது. 23 என்பது இரண்டாவது பட்டன். மேல்பக்கம் முதல் ஆளுக்கு, கீழ்ப்பக்கம் இரண்டாம் ஆளுக்கு.

சரியாகத் திருப்பிச் செருகியதும் விளையாட்டு எதுவுமே நடக்காதது மாதிரி வந்தது. விமானம் பறந்தது, சுட்டது. குண்டு போடும் பட்டனை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆளுக்கும் இல்லை. காகிதத்தில் வந்த விடை அப்படியே திரையில்.

மறுநாள் 23-லிருந்து மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தைப் பிடித்துக்கொண்டே டிராக்கை, அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோட்டைத் தொடர்ந்தேன். ஒரு ரெசிஸ்டர், அதைத் தாண்டி 74எல்எஸ்244 என்கிற இருபது கால் ஐசி, பட்டன் சிக்னலை வாங்கி உள்ளே அனுப்பும் காவல்காரன். சிக்னல் மாறுகிறதா என்று காட்டும் லாஜிக் புரோபை வைத்து ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொன்னேன் (மனைவிதான், வேறு யார்). உள்ளே வரும் காலில் சிக்னல் மாறுகிறது, வெளியே போகும் காலில் அசைவே இல்லை. இரண்டாம் ஆளுக்கும் அதே மாதிரி இன்னொரு 244. இந்த மாதிரி இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, ஐசியை முழுசாகக் கழற்ற நினைப்பது. அது எப்படியும் செத்ததுதான். நிப்பரால் இருபது காலையும் உடலோடு ஒட்ட வெட்டி, உடலை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவ வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் கூடவே டிராக் உரிந்து வரும், அதைத் திரும்ப உண்டாக்குவது மீன் முள்ளால் தையல் போடுகிற வேலை. துளைகளில் இருக்கும் ஈயத்தை உறிஞ்சி, சாக்கெட் வைத்து, டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் பேட்டையான அகிஹபராவில் வாங்கிய புது 244-ஐச் செருகினேன். ஐசி இரண்டும் சேர்ந்து ஒரு டீ காசு. குண்டு வெடித்தது. அன்றைக்கே அந்தப் பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிட்டேன்.

அது ஊர் உலகத்தில் கிடைக்கும் ஐசி என்பதால் பிழைத்தேன். கம்பெனிகள் தாங்களே செய்துகொண்ட கஸ்டம் சிப் போயிருந்தால் கடையில் கிடைக்காது, இன்னொரு செத்த போர்டிலிருந்து பிடுங்க வேண்டும். டோவாப்ளான் மாதிரி சில கம்பெனிகளே இன்றைக்கு இல்லை, 1994-ல் கதவைச் சாத்தியாயிற்று. நகல் போர்டுகளைச் சேகரிப்பாளர்கள் தீண்டமாட்டார்கள், எனக்கு அவற்றின்மேல் ஒரு ரகசிய மரியாதை உண்டு. கஸ்டம் சிப் கிடைக்காததால் நகல் போட்டவன் அதே வேலையைச் சாதாரண ஐசிகளை வைத்தே செய்திருப்பான். எந்த ஊரிலும் ரிப்பேர் பண்ணலாம்.

இனி பேட்டரி. ஜனவரி சடங்கின் மையமே இதுதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டதில் சூடுபட்ட கேப்காம், 1993-ல் சிபிஎஸ்-2 என்ற அடுத்த அமைப்பைக் கொண்டுவந்தபோது புரோகிராமைப் பூட்டி வைத்தது. விளையாட்டின் புரோகிராமை எழுதி வைத்திருக்கும் சிப்பான ரோமில் (ROM) இருப்பது குழம்பிய எழுத்து. அதைப் படிக்கும் சாவி, போர்டில் இருக்கும் ஒரு சிறிய மெமரியில். அந்த மெமரியை உயிரோடு வைத்திருப்பது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும், பிராசஸர் குப்பையைப் படிக்கும், ஒரே நிறத்தில் வெற்றுத் திரை. இந்த வட்டாரத்தில் இதற்குத் 'தற்கொலை பேட்டரி' என்றே பெயர். கடைக்காரர் போர்டைக் கம்பெனிக்கு அனுப்பி உயிர் வாங்கிக்கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு. கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திய பிறகு போர்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு மெதுவான கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இதை உடைத்தது சில தனி மனிதர்களின் பிடிவாதம். 2001-ல் சிபிஎஸ்-2 ஷாக் என்ற குழு, ஓடும் போர்டுகளிலிருந்தே பூட்டுத் திறந்த தரவை வெளியே எடுக்க ஆரம்பித்தது. 2007-ல் ஆந்த்ரேயாஸ் நைவும் நிகோலா சல்மோரியாவும் பூட்டின் கணக்கையே கண்டுபிடித்தார்கள். 2016-ல் எடுவார்டோ குரூஸும் அவர் கூட்டாளிகளும் செத்த போர்டுக்கே பழைய சாவியைத் திரும்ப ஊட்டும் வழியை வெளியிட்டார்கள். அதாவது கம்பெனியின் சொந்த ரோம், கம்பெனியின் சொந்தச் சாவி, ஒன்றுமே மாற்றாமல். இன்றைக்கு ஸ்விட்ச் போடும்போதெல்லாம் சாவியைத் தானே ஊட்டிவிடும் விரலளவு குட்டி போர்டுகூட வாங்கலாம், பேட்டரியே வேண்டாம்.

என்னிடம் மூன்று சிபிஎஸ்-2 இருக்கிறது, மூன்றுமே ஜப்பானுக்கான பச்சை நிறப் பெட்டி. இரண்டுக்கு அந்தக் குட்டி போர்டு வைத்தாயிற்று. மூன்றாவதில் மட்டும் இன்னும் பேட்டரி. இது வறட்டுப் பிடிவாதம் என்று எனக்கே தெரியும். மாற்றும்போது பழையதைக் கழற்றினாலும் போர்டில் இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் சில நிமிடம் சாவியைத் தாங்கிப் பிடித்திருக்கும், அதற்குள் புதியதைச் சால்டர் செய்துவிட வேண்டும். முதல் முறை செய்தபோது கை நடுங்கியதில் பேட்டரியின் கால் இரண்டு தடவை துளையைத் தவறவிட்டது, வாய்க்குள் கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது. அந்த நடுக்கம் இனிமேல் யாருக்கும் தேவையில்லை என்று வந்தபிறகு, ஒன்றிலாவது அதை வைத்திருக்க ஆசை. அவ்வளவுதான் விளக்கம்.

எல்லா பேட்டரியும் மறந்துபோவதால் மட்டும் கொல்வதில்லை. எஸ்என்கே என்கிற இன்னொரு கேம் கம்பெனியின் எம்விஎஸ் ஆர்கேட் அமைப்பின் மெயின் போர்டில் இருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசியும், கசிந்தால் சுற்றியிருக்கும் டிராக்குகளைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். கசிவது காரம் என்பதால் முதலில் புளிப்பு வைக்க வேண்டும், வினிகர், அவசரத்துக்கு எலுமிச்சைகூடச் செய்யும். அப்புறம் தண்ணீர், அப்புறம் ஆல்கஹால். அந்த இடத்தில் வட்ட பேட்டரி வைத்தால் கூடவே ஒரு டயோடு வேண்டும், இல்லையென்றால் சார்ஜ் ஏறக்கூடாத பேட்டரிக்குப் போர்டு சார்ஜ் ஏற்றப் பார்க்கும்.

இன்னொன்று ஈப்ராம். முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த ரோம் சிப். புற ஊதா வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்பதால்தான் அந்த ஜன்னல்மேல் ஸ்டிக்கர். இன்டெல் தன் தகவல் தாளில் கணக்கே கொடுத்திருக்கிறது: நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப்லைட்டில் சுமார் மூன்று வருஷம். அழகாக இருக்கிறதென்று ஸ்டிக்கரை உரித்து, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பெட்டியைப் பிரிக்காமலே விலை ஏறட்டும் என்று வைத்திருப்பவர்கள் அதற்கடுத்து. உள்ளே பேட்டரி கசிகிறதா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நான் புது போர்டு வந்ததும் ரோம்களை எல்லாம் ரீடரில் வைத்துப் படித்து, ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டரின் பட்டியலில் இருக்கும் செக்சம்மோடு (தரவு சரிதானா என்று பார்க்கும் எண்) ஒப்பிடுவேன். ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும், புது சிப்பில் எழுதிப் போட்டுவிடலாம்.

இங்கேதான் நண்பர்கள் மடக்குவார்கள். மேம் 1997-லிருந்தே இருக்கிறது, லேப்டாப்பில் முஸ்தபா ஆடலாம், அப்புறம் எதற்கு இந்தக் குப்பை? நியாயமான கேள்வி. ஆட மட்டும் என்றால் மேம் போதும், நானே ரயிலில் போகும்போது அதில்தான் ஆடுகிறேன். மேம் இல்லையென்றால் என் போர்டில் பாதி இன்றைக்குச் செத்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் லேப்டாப்பில் வரும் முஸ்தபாவுக்கு என்னிடம் ஒரு தேவையும் இல்லை. இந்தப் போர்டுக்கு இருக்கிறது. ஊரில் அப்பா வைத்திருந்த பழைய டிவிஎஸ் 50-ஐ ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்ப்பரேட்டர் கழற்றித் துடைப்பார், அதில் ஏறி எங்கேயும் போனது கிடையாது. அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்தவன் நான்.

இந்த வருஷம் பதினொன்றாவது பெட்டி முஸ்தபாவுடையது. அதில் இரண்டு இடத்தில் பேட்டரி: ஒலியைப் பார்த்துக்கொள்ளும் பூட்டிய இசட்80 பிராசஸருக்கு ஒன்று, படத்தைப் பார்த்துக்கொள்ளும் சிப்புக்கு ஒன்று. உள்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் ஜப்பானியத்தில் எழுதியிருக்கிறது: 'ஹெய்செய் 17, மாற்றியாயிற்று'. ஜப்பானிய வருஷக் கணக்கில் அது 2005. எந்த ஊர் கேம் சென்டரோ, எந்த மெக்கானிக்கோ. சதுரமான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அதற்குக் கீழே நான் பேனாவால் 'ரெய்வா 2, மாற்றியாயிற்று' என்று (அதாவது 2020) எழுதியிருக்கிறேன், என் எழுத்து கோணல்.

மீட்டர் 3.61 காட்டியது, இன்னொன்று 3.60. இன்னும் சில வருஷம் தொட வேண்டியதில்லை. கனெக்டரைச் செருகினேன், ஏழாவது இடத்தை இரண்டு தடவை பார்த்தேன், போர்டின் ஓரத்திலேயே மீட்டரை வைத்து 5.02 வோல்ட் வருகிறதென்று உறுதி செய்தேன் (பவர் சப்ளையில் பார்த்தால் போதாது, வயரிலேயே கொஞ்சம் குறையும்). படம் வந்தது, சத்தம் வந்தது. விளையாட்டின் நாலு பேரில் மனைவி ஹன்னாவை எடுத்தாள், நான் யாரை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது கட்டத்திலேயே செத்தோம், என் பக்கத்துக் குதிக்கும் பட்டன் நாலில் ஒரு தடவைதான் வேலை செய்கிறது. போர்டுமேல் தப்பில்லை, பட்டனுக்குள் இருக்கும் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. கடை ஐந்தாம் தேதிதான் திறக்கும்.